தட்டு தாவாமல் ஓடிய நேரம்

அது எண்பத்திரண்டா, எண்பத்து மூன்றா என்று அல்போன்ஸுக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. நினைவில் இருப்பதெல்லாம் நடந்தபடிதானா என்பதிலும் அவருக்குச் சந்தேகம் உண்டு. நல்ல வெயில் அடித்த பகல் என்பது மட்டும் நிச்சயம்.

கடத்தூரில் மைக்செட் வைத்திருந்த அவர், பாப்பிரெட்டிப்பட்டிக்கு அப்பால் மலையடியில் இருந்த ஒரு பழைய மச்சு வீட்டுக்கு நிச்சயதார்த்தத்துக்குப் பாட்டுப் போட வந்திருந்தார். பெண் ராஜமேரி. அவளுடைய அம்மா ராயம்மாள், புருஷனை இழந்தவள். இதற்கு முன் இரண்டு வரன்கள் இதே வீட்டிலிருந்து பாதியில் எழுந்து போயிருந்தன. மூன்றாவதும் போனால் நாலாவது வராது என்று ஊரில் பேச்சு.

கீழே ஜமுக்காளம் விரித்துவிட்டார்கள். பிளேயரை மேலே மச்சில் வைக்கச் சொன்னார்கள். பலகைத் தரை, ஒற்றை ஜன்னல். வௌவால் எச்சத்தின் நெடியோடு, அப்போதுதான் யாரோ கசக்கிப் போட்டது போலப் புகையிலை வாடை.

மாதா பாட்டு இசைத்தட்டைப் போட்டு ஊசியை வைத்தார். இரண்டு வரி ஓடியது. தாவியது. மறுபடி இரண்டு வார்த்தை. தாவியது.

ஊசியை மாற்றினார். தட்டை மாற்றினார். புதுத் தட்டும் தாவியது. ஊசியின் தலையில் எட்டணாக் காசை வைத்துப் பாரம் ஏற்றினார். மேசைக்கால்களுக்கு அடியில் சைக்கிள் டியூப் துண்டுகளைச் செருகினார். கரண்ட்தான் குறைகிறதோ என்று விளக்கைப் பார்த்தார். அது ஆடாமல் எரிந்தது.

கீழேயிருந்து மாப்பிள்ளையின் அத்தை சவேரியம்மாளின் குரல் வந்தது. “ஏனுங்க, பாட்டுக்கு விக்கலா? தண்ணி காட்டுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவள் அடுத்துச் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. “நல்ல காரியத்துல மாதா பாட்டு அறுந்து அறுந்து வருது. எனக்கென்னமோ மனசுக்குச் சரியாப் படல.”

அல்போன்ஸுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பதினோரு வருஷத் தொழிலில் இப்படி ஒரு தட்டு அவரை அவமானப்படுத்தியதில்லை. காலால் தரையை ஓங்கி உதைத்தார்.

ஊசி தாவியது. அதே தாவல்.

அவர் அப்படியே நின்றார். ஊசியிலும் தட்டிலும் குறையில்லை. பலகையில் யாரோ நடக்கிறார்கள்.

மச்சில் அவரைத் தவிர ஆள் இல்லை.

முக்காலியில் உட்கார்ந்து, மூச்சை அடக்கி, பாட்டைக் கவனித்தார். முதலில் லேசான சொடுக்குகள். பிறகு ஒரு சொல் விழுந்தது. பிறகு ஒரு வரி. ஒவ்வொரு தாவலும் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தது. தூரத்து மூலையிலிருந்து மேசையை நோக்கி வருகிறது.

கடைசித் தாவலில் எட்டணா தெறித்து விழுந்தது.

அதற்குப் பிறகு பாட்டு சுத்தமாக ஓடியது. ஒரு பிசிறு இல்லை.

வந்தது, பக்கத்தில் நின்றுவிட்டது.

இடது தோளில் குளிர் ஏறியது. புகையிலை வாடை முகத்தருகே வந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியவில்லை. படியில் சத்தம் கேட்டுத் திரும்பினார். ராயம்மாள் காப்பித் தம்ளரோடு கடைசிப் படியில் நின்றாள். பலகையில் கால் வைக்கவில்லை.

“தம்பி, பாட்டு சரியாயிடுச்சுங்களா?”

“அக்கா, இங்க யாரு இருக்காங்க?”

அவள் தம்ளரைப் பலகை விளிம்பில் வைத்தாள்.

“ஊட்டுக்காரரு,” என்று கிசுகிசுத்தாள். “புள்ளைய யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சொல்லிக்கிட்டே போன மனுசன். ரெண்டு தடவையும் கீழ எறங்கி வந்துட்டாரு. வந்தவங்க பயந்து எந்திரிச்சிட்டாங்க.”

“தெரிஞ்சேவா என்னைய மேல ஏத்துனீங்க?”

“பாட்டுன்னா அவருக்கு உசிரு. பெட்டிகிட்ட ஆளு ஒக்காந்திருந்தா கூடவே நிப்பாரு. ஆளு எந்திரிச்சிட்டா எறங்கிடுவாரு. மோதிரம் மாத்துற வரைக்கும் ஒக்காருங்க தம்பி. என் புள்ள தலையெழுத்து உங்க கையில இருக்குது.”

பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று அல்போன்ஸ் எழப் பார்த்தார். அவர் எழ எழ, ஊசி லேசாகச் சொடுக்கியது. கீழே, படியின் அடியில், புதுச்சேலையில் ராஜமேரி நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுது முடித்த முகம்.

அவர் உட்கார்ந்தார்.

பதினாலு தட்டுகள். வலது கையால் மட்டும் மாற்றினார். ஒரு தட்டு முடிந்து அடுத்ததை வைக்கும் இடைவெளியில், இடது காதருகே யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அவர் ஒருமுறையும் திரும்பவில்லை.

மோதிரம் மாற்றியதும் கீழே கைதட்டினார்கள். சவேரியம்மாள் அண்ணாந்து பார்த்துச் சொன்னாள். “பரவால்லீங்க. இப்பத்தான் பெட்டிக்கு மனசு வந்திருக்குது.”

அந்த வருஷமே கல்யாணம் நடந்தது. ராஜமேரி தருமபுரியில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். ராயம்மாள் மகளோடு போய்விட்டாள். மச்சு வீட்டை வாங்கியவர்கள் நிம்மதியாகக் குடியிருக்கிறார்கள், ஒரு தொந்தரவும் இல்லையாம். அல்போன்ஸ் தட்டுகளை விற்றுவிட்டு டேப்புக்கு மாறிவிட்டார். கடத்தூர்ச் சந்தை நாளில், படிக்கட்டில்கூடத் தொங்கிக்கொண்டு வரும் பஸ்ஸில், அவருக்கு இடப்பக்கத்து சீட்டில் மட்டும் யாரும் உட்காருவதில்லை.