ஓசியில் ரெண்டு சொட்டு

"மாதாவே... என் புருஷன் போயிட்டாரே!"

ஜெயசீலியின் அலறலில் ஆவடி குவார்ட்டர்ஸே அதிர்ந்தது. பக்கத்து வீட்டார் போலீசுக்கும் டாக்டருக்கும் போன் போட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் கஜபதி ஜீப்பிலிருந்து குதித்தார். மெட்ராஸ் ஐ உபயத்தில் கறுப்புக் கண்ணாடி. ஆஸ்துமா உபயத்தில், இரண்டு மாடி ஏறுவதற்குள் நெஞ்சில் விசில்!

கூடத்தில் எட்மண்ட் மல்லாந்து கிடந்தார்.

கஜபதி குனிந்தார்.

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது!

செக்கச்சிவந்த கண்.

"சாகல சார்... சாவடிக்கிறா! அவ காபியைக் குடிச்சா மூச்சு முட்டுது... நெஞ்சு நின்னு நின்னு அடிச்சிக்குது... வெசம்!"

"நானா?" ஜெயசீலி சீறினாள். "வெசம் வெச்சாக்கூட ஓசியான்னு கேட்டுத்தான் சார் குடிப்பாரு இந்தாளு!"

"டயலாக்கெல்லாம் கோர்ட்ல பேசும்மா!"

க்ளிக்... விலங்கு விழுந்தது.

கஜபதிக்குக் கண் அரித்தது. டி.வி. மேல் ஒரு கண் சொட்டு மருந்து பாட்டில். கண்ணாடியைத் தூக்கினார். கண்ணுக்கு ரெண்டு சொட்டு. ஆஹா, குளிர்ச்சி!

யாரும் பார்க்கவில்லை.

அண்ணனூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார் டாக்டர் அந்தோணிராஜ். நாடியைப் பிடித்தார். புருவம் ஏறியது.

"நாடி மாட்டு வண்டி மாதிரி போவுதே... இன்னா மருந்து சாப்பிடறே?"

"ஆஸ்துமா மாத்திரைதான் டாக்டர்... வேற ஒண்ணியும் இல்ல."

"கண்ணு?"

"மெட்ராஸ் ஐ."

"அதுக்கு இன்னா போட்டே?"

எட்மண்ட் மனைவியைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

"அவளோட சொட்டு மருந்து... சும்மாதானே கீதுன்னு... மணிக்கொரு தபா..."

"அடப்பாவி மனுசா! எனக்குக் கண்ணுல பிரஷர்னு குடுத்தது அது!"

டாக்டர் துள்ளினார்.

"அதான் கொலைகாரன்! கண்ணுல வுட்டா கண்ணோட நிக்காது. மூக்குல எறங்கி ரத்தத்துல கலக்கும். இதயத்த மந்தமாக்கும். ஆஸ்துமாக்காரனா இருந்தா மூச்சுக்குழாயையே நெரிச்சிடும்!"

"கண்ணுல வுட்டது நெஞ்சுக்கு எப்புடி சார் போவும்?"

"வுட்டதும் தொண்ட கசந்துதா இல்லியா?"

"கசந்துது... அவ காபின்னு நெனச்சிக்கினேன்!"

ஜெயசீலி பல்லைக் கடித்தாள். டாக்டர் ஊசி போட்டார். எட்மண்டுக்கு மெல்ல மூச்சு திரும்பியது.

அப்போது...

பின்னால் ஒரு விசில் சத்தம். நெஞ்சிலிருந்து!

கஜபதி சுவரோடு சரிந்துகொண்டிருந்தார்.

"டாக்டர்... எனக்கும்... தொண்ட கசக்குது..."

இரண்டாவது ஊசி பாய்ந்தது.

ஜெயசீலி விலங்கு மாட்டிய கைகளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கழட்டுங்க சார்... இப்ப நான் ஓடினாலும் உங்களால துரத்த முடியாது!"