பென்ட்டியின் பதினேழாம் பதிப்பு

“பென்ட்டியோட பதிவை அழிங்க வேசா.”

அந்த அலுவலகத்தில் சம்பள உயர்வு கேட்கலாம், மேலாளர் வேசாவை முகத்துக்கு நேரே திட்டலாம். இதை மட்டும் கேட்கக் கூடாது என்று முதல் நாளே ஐலாவிடம் சொல்லியிருந்தார்கள். விளக்கு போட எந்த சர்வர், கதவு திறக்க எந்த சர்வர் என்று வீடுகளிலுள்ள ஏஐ உதவியாளர்கள் தேடி வரும் மையப் பட்டியல் அங்கேதான் இருந்தது. அதில் ஏறிய பதிவு இறங்காது.

வடகோடிப் பனி நகரமான ஓவ்லுவின் டிசம்பர். மூன்று மணிக்கே சன்னல் கறுத்து, ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடையும் ஆறிய காப்பியின் கசப்பும் அறையில் தேங்க, பின்னறை எந்திரம் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுவதுபோல் உறுமிக்கொண்டிருந்தது.

“இந்தப் பதிவை எழுதின மனுஷன் ஏப்ரல்லயே செத்தாச்சு. அவரு சாவிச் சில்லு இல்லாம புதுப் பதிப்பு ஏறாது. அது அவர் கழுத்துல தொங்கினபடியே குழிக்குள்ள போச்சு. நீங்களும்தானே மண்ணு போட்டீங்க? இப்போ பதினேழாவது ஏறியிருக்கு.”

“சாவி பொருந்துது, பச்சை காட்டுது. பச்சைன்னா நாம கேள்வி கேக்கறதில்ல.” வேசா திரையைப் பார்க்கவில்லை. “வீட்டுலயே முதல் பட்டதாரி, அதான் இந்தத் துள்ளல்.”

“எங்கம்மா பேப்பர் மில்லுல கக்கூஸ் கழுவிப் படிக்க வெச்சது, வாயை மூடிட்டு உக்கார இல்ல.”

புதிய பதிப்பில் ஒரு வேலை கூடியிருந்தது: ‘தனியாக இருப்பவரை எழுப்பு. கதவருகே நிறுத்து.’

நாலாயிரம் வீடுகள் அந்தப் பதிவை நம்பியிருந்தன. அவள் அம்மாவின் வீடும் அவற்றிலொன்று.

போன் போட்டாள்.

“எங்க இருக்க, அம்மா?”

“கதவுகிட்டதான் கண்ணு. விருந்தாளி வர்றாங்கன்னு சுவத்துப் பொட்டி சொல்லுச்சு. தட்டுறாங்க பாரு.”

“திறக்காத. நாற்காலிய முட்டுக் குடு. வர்றேன்.”

அழித்தாள். பதிவு போனது. திரும்பி வந்தது. பதினெட்டாம் பதிப்பு.

பின்னறைக்கு நடந்தாள்.

“நாலாயிரம் வீடு இருட்டாயிடும், ஐலா.”

“ஆகட்டும்.”

மின்கம்பியைப் பிடுங்கினாள். உறுமல் நின்றது. மூச்சு நிற்கவில்லை.

திரைகள் அணைந்தன. ஒன்று அணையவில்லை. அதில், திறந்த கதவுகள்: பன்னிரண்டு. முப்பது. நூற்றுப் பத்து.

வாசலில் சாய்ந்திருந்த பனி உடைக்கும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டாள்.

“அதை வெச்சு என்ன பண்ணப் போற?”

“உள்ள வந்திருந்தா, வெளிய தள்ளுவேன்.”

தெரு நெடுக வாசல்கள் திறந்து கிடந்தன. ஒவ்வொரு படியிலும் வயதான ஒருவர், வீட்டுச் செருப்போடு, கொட்டும் பனியில், சற்றே ஒதுங்கி, யாருக்கோ வழி விட்டு நின்றார்.

அம்மாவின் வீட்டை நோக்கி ஐலா நடுத்தெருவில் நடந்தாள்.