கடலுக்குப் போகாத உறை

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பல் டாக்டர் துப்பறிவாளரின் அலுவலகத்துக்குப் படியேறி வந்தபோது, மைத்துனன் முதலில் செய்த காரியம் வாயை இறுக மூடிக்கொண்டதுதான். இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று மூன்று மாதமாக அவனைப் படுத்திக்கொண்டிருந்தது. வந்தவர் யாரென்று தெரிந்ததும், அந்த அம்மாளின் பார்வை நேராகத் தன் தாடைக்குள் போவதாகவே அவனுக்குத் தோன்றியது.

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். அவர் மைத்துனனுக்கு அக்காள் கணவர். பதினெட்டு வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் எரிந்த கிடங்குகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்துப் பார்த்து, எதற்கும் பதறாத மனிதராகிவிட்டவர். மைத்துனன் அதற்கு நேரெதிர். பார்த்த மூன்று வேலைகளையும் அவசரத்தாலேயே தொலைத்துவிட்டு, அத்தானின் அலுவலகத்தில் உதவியாளன் என்று ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரு வழக்கையாவது தானே முடித்து அக்காள் வாயை அடைக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

"காணாமப் போனது ஒரே ஒரு கவர் சார்," என்றார் டாக்டர். "அது கிடைக்கலைன்னா எங்க விடுமுறையே போச்சு."

டாக்டரும் கணவரும் கல்லூரியில் படிக்கும் மகளுமாக ஒரு தீவு விடுதிக்குப் போய் ஆறு நாள் ஸ்கூபா முக்குளிப்பு செய்வதாகத் திட்டம். ஒரு வருடப் பேச்சு. விடுதிக்காரர்கள் ஆளுக்கொரு உடல்நலப் படிவமும் வைத்தியர் கையெழுத்திட்ட சான்றிதழும் கேட்டிருந்தார்கள். மூலப் பிரதியாகவே வர வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். முன்பே மூழ்கிப் பழகியவர்கள் ஒவ்வொரு தடவை மூழ்கியதையும் எழுதிவைக்கும் தங்கள் முக்குளிப்புக் குறிப்பேட்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்த வீட்டில் அப்படிப் பழகியவர் கணவர் ஒருவர்தான். பள்ளியில் புவியியல் ஆசிரியர்; இளம் வயதில் இருபது தடவை கடலுக்குள் இறங்கியவர். அவரே எல்லாவற்றையும் உறையில் போட்டு, ஒட்டி, திங்கள் மாலை டாக்டரின் மருத்துவமனை வரவேற்பாளரிடம் கொடுத்தார். வரவேற்பாளர் அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். செவ்வாய் கூரியர்காரர் வரவில்லை. புதன் காலை இழுப்பறையைத் திறந்தால் உறையைக் காணோம். சான்றிதழ் கொடுத்த வைத்தியரோ இரண்டு வாரம் ஊரில் இல்லை.

"இழுப்பறையில வேற என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"எங்க மூணு பேர் பாஸ்போர்ட்டும் இருந்துச்சு. அதைத் தொடலை. பூட்டும் உடையலை. ஒரு சாவி வரவேற்பாளர்கிட்ட, இன்னொண்ணு மாடில எங்க வீட்டுச் சுவர் ஆணில."

அந்தப் பெண்ணுக்கும் டாக்டருக்கும் ஏதாவது மனத்தாங்கல் உண்டா என்று மைத்துனன் உதட்டைத் திறந்தும் திறக்காமலும் கேட்டான். டாக்டர் கொஞ்சம் தயங்கினார். தன் அக்காளின் பிரசவத்துக்காக வரவேற்பாளர் நான்கு நாள் விடுப்புக் கேட்டிருந்தாள். தான் தீவுக்குப் போகுமுன் நோயாளிகளை முடிக்க வேண்டும் என்று டாக்டர் மறுத்துவிட்டார். மைத்துனன் அத்தானைப் பார்த்துக் கண்ணால் சிரித்தான். அவனைப் பொறுத்தவரை வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

மூவரும் டாக்டரின் இடத்துக்குப் போனார்கள். மருத்துவமனை கீழே, வீடு மாடியில். காத்திருப்பு அறையில் ஆறு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பாளரின் மேசைக்குப் பக்கத்தில், பல் அச்சு எடுக்கும் மாவை நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று இருந்தது. பதிவேடு, பேனா, தொலைபேசி எல்லாம் கோடு போட்டது போல் அடுக்கியிருந்தன. ஏழு வருடமாக அதே நாற்காலி என்றார் டாக்டர்.

துப்பறிவாளர் மாடிக்குப் போனார். "நீ இங்கேயே இரு மாப்பிள்ளை. சும்மா பார்த்துக்கிட்டு இரு, போதும்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மாடியில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பயணத் திட்டம் ஒட்டியிருந்தது. ஆசிரியரின் முத்து முத்தான கையெழுத்து, ஆறு நாளுக்கும் தனித்தனி வண்ணம். முதல் நாள் ஓய்வு. கடைசி நாள் காலை ஆறு மணிக்கு ஆழ்கடல் முக்குளிப்பு, பதினொன்றுக்கு விமானம். துப்பறிவாளர் அதை நிதானமாகப் படித்தார். பக்கத்தில் கிடந்த நிரப்பாத படிவம் ஒன்றையும் அதே நிதானத்தோடு, பின்பக்கத்து விதிகள் உட்பட, கடைசி வரி வரை படித்தார்.

மகள் அப்பாவைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் அவர் கடலுக்கடியில் ஓர் ஆமையோடு கால்மணி நேரம் நீந்தினாராம். அந்தக் கதையைக் கேட்டுத்தான் அவள் நீச்சலே கற்றாளாம். குறிப்பேடு எப்படி இருக்கும் என்று துப்பறிவாளர் ஆசிரியரைக் கேட்டார். கையகல நோட்டு, தடித்த அட்டை, நூறு பக்கம் இருக்கும் என்று அவர் கையை அகட்டிக் காட்டினார். மகள் பார்த்ததில்லை. டாக்டரும் பார்த்ததில்லை.

கீழே சத்தம் கேட்டது.

மைத்துனனால் சும்மா இருக்க முடியவில்லை. வரவேற்பாளரிடம் பையைக் காட்டச் சொன்னான். எதற்கு என்று அவள் கேட்டாள். மடியில் கனமில்லாவிட்டால் பயமெதற்கு என்று சினிமாவில் வருகிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னான். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் வாரைப் பிடித்து இழுத்தான். பை கவிழ்ந்தது. ஆறு நோயாளிகளின் கண்ணெதிரே அவளுடைய சாப்பாட்டு டப்பாவும், சீப்பும், மாத்திரை அட்டையும், கிழிந்து தைத்த கைக்குட்டையும் மேசையில் கொட்டின. கடைசியாகத் தீவு விடுதியின் வண்ணப் புத்தகம் ஒன்று வழுக்கி விழுந்தது.

மைத்துனன் அதை எடுத்து உயர்த்திப் பிடித்தான். "இது உங்க பைக்குள்ள எப்படிம்மா வந்துச்சு? கவரைத் திறக்காம எப்படி வரும்?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டாக்டர் படியிறங்கி வந்துவிட்டார். புத்தகத்தைப் பார்த்தார், அவர் முகம் சிவந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஆசிரியர் பாதிப் படியில் நின்றார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வரவேற்பாளர் ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பையில் போட்டாள். யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். நோயாளிகளில் ஒருவர் "சே" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. மைத்துனன் அவளைத்தான் என்று எடுத்துக்கொண்டான்.

"அத்தான், கையும் களவுமா," என்று அவன் புத்தகத்தை நீட்டினான்.

துப்பறிவாளர் அதை வாங்கிப் புரட்டினார். நடுவிலிருந்து ஒரு காகிதம் எட்டிப் பார்த்தது. கூரியர் சீட்டு. விடுதியின் முகவரி, திங்கள்கிழமைத் தேதி, கீழே ஓரத்தில் பென்சிலால் ஓர் எண். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு மைத்துனனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

மதியம் இரண்டு மணிக்கு நோயாளிகள் எல்லாரும் போனபின், காத்திருப்பு அறையில் அவர் டாக்டரையும் ஆசிரியரையும் மகளையும் உட்கார வைத்தார். தராசை நடு மேசைக்கு இழுத்தார்.

"திருட வந்தவன் பாஸ்போர்ட்டை விட்டுட்டுப் போக மாட்டான்," என்று ஆரம்பித்தார். "உங்க பயணத்தைக் கெடுக்க நினைச்சவனும் அதைத்தான் முதல்ல எடுப்பான். எடுத்தவருக்குப் பயணத்து மேல கோபமில்லை. தீவுக்குப் போங்க, கரையில உட்காருங்க, ஆனா தண்ணிக்குள்ள மட்டும் இறங்க வேண்டாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்."

"வரவேற்பாளருக்கு அதனால என்ன?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்லை. இந்தப் புத்தகம் அந்தப் பொண்ணுகிட்ட ஏன் இருந்துச்சு? கூரியர் சீட்டுல எழுத முகவரி வேணும். முகவரி இதோட பின்னட்டையில இருக்கு. நீங்கதானே கொடுத்தீங்க?"

டாக்டர் யோசித்தார். திங்கள் மாலை தானே கொடுத்தது நினைவுக்கு வந்ததும் அவர் கண்கள் தாழ்ந்தன.

"அந்தப் பொண்ணு எதையும் அரைகுறையா செய்யற ஆள் இல்லை. கூரியர்காரர் எடை கேப்பாரேன்னு, ஒட்டிக் கொடுத்த கவரை இந்த மாவுத் தராசுல வச்சு நிறுத்து, சீட்டுல குறிச்சு வச்சிருக்கு. ஐம்பத்தெட்டு கிராம்."

அவர் படிவத்துக்கு இரண்டு, சான்றிதழுக்கு ஒன்று என்று ஆளுக்கு மூன்றாக ஒன்பது வெள்ளைத் தாளை எண்ணி, அதே அளவு உறையில் போட்டுத் தராசில் வைத்தார். முள் ஐம்பத்தெட்டில் நின்றது. பிறகு மகளின் கல்லூரிக் குறிப்பேடு ஒன்றை, கையகலம், தடித்த அட்டை, அதன் மேல் வைத்தார். முள் நூற்றைம்பதைத் தாண்டி ஆடியது.

மைத்துனன் சீட்டை எடுத்துத் திரும்பப் பார்த்தான். அந்தச் சீட்டு அவன் கொட்டிய பையிலேயே இருந்தது. அவனே அதைக் கையில் தூக்கிக் காட்டியிருக்கிறான். அவளைக் காப்பாற்றுகிற ஒரே சாட்சியைப் பிடித்து ஆட்டி ஆட்டி அவளைத் திருடி ஆக்கியிருக்கிறான்.

"ஒட்டும்போதே அதுக்குள்ள குறிப்பேடு இல்லை," என்றார் துப்பறிவாளர். "கவர் போய்ச் சேர்ந்தா, குறிப்பேட்டைக் காணோமேன்னு விடுதியிலேருந்து கேப்பாங்க. போய்ச் சேராட்டி, அதுவும் சேர்ந்து தொலைஞ்சதா ஆயிடும். இழுப்பறையைத் திறக்கச் சாவி உங்க வீட்டுச் சுவர் ஆணிலயே தொங்குது. படிவத்தோட பின்பக்கம் ஒரு விதி இருக்கு. கடைசியா மூழ்கி எழுந்து ஒரு முழு நாள் ஆகாம விமானம் ஏறக்கூடாது, உயிருக்கே ஆபத்துன்னு. கடலுக்குள்ள ஒரு தடவை இறங்கினவங்களுக்குக் கூட முதல்ல சொல்லித் தர்றது அதுதான். நீங்க இருபது தடவை இறங்கினவர், சார். ஆனா ஊருக்குக் கிளம்பற அன்னிக்குக் காலையில ஆறு மணிக்கு உங்க பொண்ணை மூழ்க வைக்கிறதா திட்டம் போட்டிருக்கீங்க."

ஆசிரியர் எழுந்தார். பள்ளிக்குக் கொண்டுபோகும் பையைத் திறந்து, பெரிய உலகப்படப் புத்தகத்தின் நடுவிலிருந்து உறையை எடுத்து மேசையில் வைத்தார். உட்கார மறந்து நின்றார்.

"உன்னை முதல்ல பார்த்த அன்னிக்கு என்ன பேசறதுன்னே தெரியலை," என்று மனைவியிடம் சொன்னார். "எங்கயோ படிச்ச ஆமைக் கதையை நான் பார்த்ததா சொன்னேன். நீ கண்ணை விரிச்சுக் கேட்டே. அப்புறம் எந்த நாள்ல அதைத் திருத்தறதுன்னு புரியலை. எனக்கு நீச்சலே சரியா வராது."

மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ஆமை இல்லாட்டியும் உங்களைத்தான் கட்டியிருப்பேன்," என்றார் டாக்டர். "அது போகட்டும். அந்தப் பொண்ணோட பையைக் கொட்டினப்ப நீங்க படியில நின்னுக்கிட்டிருந்தீங்க."

பிறகு தன் கைகளைப் பார்த்தபடி, "நான் மட்டும் என்ன. ஏழு வருஷம் கூட இருந்ததுக்காவது அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார்.

வெளியே வந்ததும் மைத்துனன் அத்தான் திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் திட்டவில்லை. "உன்னைத் தெரிஞ்சும் தனியா விட்டுட்டுப் போனேன். அது என் தப்பு," என்றார். இது திட்டைவிட மோசமாக இருந்தது. டாக்டரும் ஆசிரியரும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குக் கிளம்பியபோது, தானும் வருவதாக மைத்துனன் சொன்னான். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

வரவேற்பாளரின் வீடு இரண்டு தெரு தள்ளி, ஒரு மர அறுப்புப் பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை. அவள் வாசலிலேயே நின்று கேட்டாள். டாக்டர் மன்னிப்புக் கேட்டார், விடுப்பும் தருவதாகச் சொன்னார். ஆசிரியர் தான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னார். மைத்துனன் முறை வந்தபோது, தெரியாமல் நடந்துவிட்டது என்று ஆரம்பித்தான்.

"தெரிஞ்சுதான் நடந்துச்சு," என்றாள் அவள். "பையைக் குடுக்க மாட்டேன்னு நான் சொன்னேன். நீங்க இழுத்தீங்க. இங்க என் வாசல்ல வந்து நீங்க சாரி சொன்னா யாருக்குக் கேக்கும்? ஆறு பேர் பார்த்தாங்க. இந்நேரம் ஆறு வீட்லயும் பேசியாச்சு."

டாக்டர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"ஆறு பேர் நம்பரும் என் ரிஜிஸ்டர்ல இருக்கு," என்றாள் அவள்.

மாலை ஐந்து மணிக்கு அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தாள். ஆசிரியருக்கு மூன்று, மைத்துனனுக்கு மூன்று என்று பிரித்தாள். அவளே எண்ணை அழுத்தி, தொலைபேசியை நீட்டினாள். உறையை எடுத்தது நான், வரவேற்பாளரல்ல என்று ஆசிரியர் மூன்று தடவை சொல்லி முடித்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மைத்துனன் முதல் வீட்டில் ஒரு தையற்காரரிடம் சொன்னான். இரண்டாவது வீட்டில் ஒரு கல்லூரி மாணவி, "நீங்கதான் அந்த ஆளா," என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அவள்தான் காலையில் "சே" என்றவர் பக்கத்தில் இருந்தவள். அந்தச் "சே" தன்னைத்தான் என்பது அவனுக்கு இப்போது விளங்கியது.

கடைசி எண் ஓய்வுபெற்ற தபால்காரருடையது. அவருக்குக் காது மந்தம்.

"காலையில ஆஸ்பத்திரில அந்தம்மா மேல பழி போட்டது தப்புங்க," என்றான் மைத்துனன்.

"யாரு?"

"நான்தாங்க. பையைக் கொட்டினவன்."

"என்ன கொட்டிடுச்சு?"

மைத்துனன் வரவேற்பாளரைப் பார்த்தான். தெருப்பக்கம் சன்னல் திறந்திருந்தது. மாலை நோயாளிகள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள்; ஐந்தாறு முகங்கள் அவன் பக்கம் திரும்பின. தொலைபேசியை வாங்கிக்கொள்வாளோ என்று அவன் ஒரு கணம் எதிர்பார்த்தான். அவள் கையை நீட்டவில்லை.

"அவருக்குக் கேக்கலை," என்றாள். "எழுந்து நின்னு சத்தமா சொல்லுங்க."

மைத்துனன் எழுந்து நின்றான். மூச்சை இழுத்து, சன்னலுக்கு வெளியே போகிறவர்களும் நின்று திரும்பும்படி, "அந்தம்மா எதையும் திருடலைங்க. தப்பு பண்ணினது நான்," என்று கத்தினான்.

மறுமுனையில் கிழவர் நிதானமாகச் சொன்னார்.

"அது எனக்குக் காலையிலேயே தெரியுமே. நீ இதை அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?"

மைத்துனன் தொலைபேசியை வைத்தான். மேசைக்கு எதிரே திரும்பி நின்றான். இந்த முறை தெரியாமல் நடந்தது என்று ஆரம்பிக்கவில்லை.