புல்தரையில் மஞ்சள் கொடிகள்

குளிர்காலத்தை ஃப்ளோரிடாவில் கழித்துவிட்டு ட்வைட்டும் அவன் மனைவி லோர்னாவும் ஒஹையோவுக்குத் திரும்பியபோது, வீட்டைச் சுற்றிப் புல் கணுக்கால் உயரம் வளர்ந்து கிடந்தது. ட்வைட் பெட்டிகளைக்கூட இறக்கவில்லை. நேரே புல்தரைக்குப் போனான். அந்தத் தெருவில் மற்றவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், ட்வைட்டுக்குப் புல் இருந்தது.

எல்லையோரம் ஒரு மஞ்சள் கொடி நின்றது.

கம்பியில் செருகிய சின்ன பிளாஸ்டிக் கொடி. மண்ணுக்கடியில் கேஸ் குழாய் ஓடும் இடத்தைக் காட்ட நடுவது. அங்கெல்லாம் வீட்டுக்காரர் ஒரு செடி நடுவதென்றாலும் முதலில் ஃபோன் பண்ணவேண்டும். ஆள் வந்து குழாய் போகும் வழியெல்லாம் கொடி நட்டு, புல்லில் மஞ்சள் சாயம் அடித்துவிட்டுப் போவான். அதற்குப் பிறகுதான் மண்ணில் கை வைக்கலாம்.

ட்வைட் பக்கத்து மனையைப் பார்த்தான். அங்கே வீடு இல்லை. கரிந்த அஸ்திவாரத்தில் களை மண்டியிருந்தது. அவன் கொடியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான்.

போன வருடம் வரை அங்கே நேடீன் இருந்தாள். தனிக்கட்டை. அவளுக்கு இருந்த ஒரே துணையான நாய், அடிக்கடி ட்வைட்டின் புல்லில் வந்து காலைத் தூக்கும். “வேலியைப் போடு, இல்லேன்னா அந்தச் சனியனைக் கட்டிப்போடு” என்று இவன் தினமும் கரித்துக் கொட்டினான். பொறுக்கமாட்டாமல் அவள் வேலி போடத் துணிந்தாள். பாவம், ஒழுங்காக ஃபோன் பண்ணினாள். ஆளும் வந்து எல்லை நெடுகக் கொடி நட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் சனிக்கிழமை. வானமே இடிந்து விழுந்தாலும் சனிக்கிழமை ட்வைட் புல் வெட்டியாகவேண்டும். கொடிகள் மெஷினுக்குக் குறுக்கே நின்றன. எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துவிட்டு வெட்டினான். சாயம் பட்ட புல்நுனியும் சேர்ந்து போயிற்று. பிறகு கொடிகளைக் குத்துமதிப்பாக, அவள் பக்கம் ஒரு தப்படி தள்ளி, கோணல்மாணலாகத் திரும்பக் குத்தினான். அவ்வளவுதான் அவன் செய்தது.

நேடீன் அந்தக் கொடிகளை நம்பி, அவற்றைவிட்டு விலகி, குழாய் உண்மையில் ஓடிய எல்லையோரமாகவே தோண்டினாள். அன்று மாலை மூக்கைச் சுளித்துக்கொண்டு எல்லையில் வந்து நின்றாள்.

“ட்வைட், உனக்கு ஏதாவது நாத்தம் அடிக்குதா?”

“அடிக்காம என்ன? எல்லாம் உன் நாயோட நாத்தம்தான்.”

முகம் சிறுத்து உள்ளே போனாள். கராஜ் கதவைத் திறக்கப் பொத்தானை அழுத்தினாள். அந்தப் பொறியில் வீடே வெடித்துச் சிதறியது. நாயின் கழுத்துப்பட்டை மட்டும் ட்வைட்டின் புல்லில் வந்து விழுந்தது. கொடியைப் பார்க்காமல் தோண்டிவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது. ட்வைட்டும் உச்சுக் கொட்டினான்.

ஃப்ளோரிடாவிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, பிடுங்கிய இடத்திலேயே கொடி இருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிடுங்கினான். அதற்கும் மறுநாள் வரிசை அவன் சமையலறை ஜன்னலை நோக்கி வளைந்திருந்தது. கேஸ் கம்பெனியைக் கேட்டான். யாரையும் அனுப்பவில்லை என்றார்கள்.

லோர்னா எழுவதற்குள் பிடுங்கிக் குப்பையில் போடுவது அவனுக்குக் காலை வேலையாகிவிட்டது. குனியும்போதெல்லாம் கேஸுக்கே உரிய அழுகிய முட்டை வாடை லேசாக வந்துபோகும். வெறும் மனையிலிருந்து ஒரு நாய் ஒரே ஒருமுறை குரைக்கும்.

ஒருநாள் அவன் வீட்டு நிலவறையில் கம்பளத்தைக் குத்திக்கொண்டு ஒன்று நின்றது.

கொடி ஆடிக்கொண்டிருந்தது. அங்கே காற்றே இல்லை.

லோர்னாவுக்கு வாடை தெரியாது. ஒரு கடுங்காய்ச்சலுக்குப் பிறகு அவள் மூக்கு மரத்துவிட்டது. அவளுக்கு ட்வைட்தான் மூக்கு. பால் கெட்டதா, ரொட்டி தீய்கிறதா, எல்லாம் அவனைத்தான் கேட்பாள்.

அந்த வாரக் கடைசியில் ட்வைட் கடைக்குப் போய்விட்டு வந்தபோது எல்லை நெடுகக் கொடிகள் நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையையும் பிடுங்கிக் குப்பையில் எறிந்தான். புல்லில் மஞ்சள் சாயம் ஈரமாக மினுங்கியதைப் பார்த்தான். அதையும் விடவில்லை, மெஷினை ஓட்டினான்.

குளித்துவிட்டு வந்தால், லோர்னா மண்வெட்டியும் ஒரு லைலாக் பூச்செடிக் கன்றுமாக எல்லையில் நின்றாள்.

“நேடீன் ஞாபகமா ஒரு செடி வைக்கப்போறேன். முறைக்காதே, ஃபோன் பண்ணிட்டேன். கம்பெனி ஆளு காலையிலதான் வந்து கொடி நட்டுட்டுப் போனான். பாரு.”

ட்வைட் பார்த்தான்.

குப்பையில் போட்ட கொடிகள் மறுபடியும் நின்றன. ஒரு தப்படி தள்ளி. கோணல்மாணலாக. போன வருடம் தன் கையால் குத்தியபடியே.

கொடி தப்பு என்று சொல்லலாம். உனக்கெப்படித் தெரியும் என்பாள். அப்புறம் எல்லாவற்றையும் சொல்லவேண்டும்.

“இப்ப வேணாம் லோர்னா. அப்புறம் பாத்துக்கலாம்.”

“உன் புல்லுல ஒரு ஓட்டை விழுந்தா உயிரா போயிடும்?”

மண்வெட்டி இறங்கியது. சட்டென எதிலோ மாட்டியது. “வேர்போல” என்று அவள் ஓங்கி மிதித்தாள். உஸ்ஸென்று மெல்லிய சத்தம் வந்தது. அதன்மேலேயே கன்றை வைத்து, மண்ணைத் தள்ளி, இறுக மிதித்துவிட்டாள். மேலே போக வழியில்லாத கேஸ், மண்ணுக்குள்ளேயே வீட்டுப்பக்கம் நகர்ந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து ஆற அமர ஐஸ்டீ குடித்தாள். ட்வைட் நின்ற இடத்திலேயே நின்றான். வாடை அவன் தொண்டைவரை ஏறியது. சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தான்.

லோர்னா எழுந்தாள். கன்றைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னவோ உஸ்ஸுன்னுச்சே. ட்வைட், உனக்கு ஏதாவது நாத்தம் அடிக்குதா?”

ஓடு என்று கத்த வாயைத் திறந்தான்.

“அடிக்காம என்ன? எல்லாம் அந்த நாயோட நாத்தம்தான்.”

அவன் குரல்தான். அவன் நாக்குதான்.

“நாய் செத்து வருஷமாச்சு, லூசு” என்று சிரித்தாள் லோர்னா. மண்வெட்டியை உள்ளே வைக்கப் போனாள். கராஜ் கதவின் பொத்தானை அழுத்தினாள்.

ட்வைட்டுக்கு ஆஸ்பத்திரியில்தான் நினைவு வந்தது. கைகளில் முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தார்கள். கண் ஒன்றுதான் மிச்சம். லோர்னாவைப் பற்றி அவன் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

நர்ஸ் போர்வையைச் சரிசெய்ய வந்தவள் நின்றாள்.

“இதை யாரு இங்க குத்தினது?”

அவன் நெஞ்சுக்கு நேரே, போர்வையில், ஒரு மஞ்சள் கொடி ஆடிக்கொண்டிருந்தது. அவள் பிடுங்கி எறிந்தாள். பிறகு மூக்கைச் சுளித்தாள்.

“சார், உங்களுக்கு ஏதாவது நாத்தம் அடிக்குதா?”

ட்வைட்டின் வாய் தானாகத் திறந்தது.