கிழிந்த ஸ்பீக்கர்

“ஏங்க... ஹலோ! இப்படி வாசலை அடைச்சுக்கிட்டு நந்தி மாதிரி நின்னா, உள்ள இருக்கறவ எப்படி வெளிய வர்றது?”

அவன் காதில் விழவில்லை. மழை அப்படி. பட்டறையின் தகரக் கூரையில் யாரோ ஆணி மூட்டையைக் கொட்டுகிற மாதிரி பெய்துகொண்டிருந்தது. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் டீ ஃபிளாஸ்க்... அவள் அவன் முதுகையே முறைத்தாள். தொப்பலாய் நனைந்த கறுப்புச் சட்டை. தோளுக்குக் கீழே இறங்கிய முடி, பாதி நரை. பக்கத்தில் சக்கர வண்டியில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய பெரிய பெட்டி. தான் நனைந்தாலும் பரவாயில்லை என்று பெட்டியை மட்டும் கூரைக்குள் தள்ளியிருந்தான்.

அதைப் பார்த்ததும் அவள் கோபம் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான்.

“ரிப்பேருக்கா?” என்று உரக்கக் கேட்டாள்.

“ஆமாங்க... ஆம்ப் பார்க்கறது இங்கதானே?”

“போர்டுல எழுதியிருக்கே! உள்ள வாங்க. தலையை உதறாதீங்க, இங்க எல்லாம் கரண்ட்டு சமாச்சாரம்.”

கிட்டாரின் முணுமுணுப்பை வாங்கி முழக்கமாகத் திருப்பிக் கொடுக்கிற பெட்டிக்குத்தான் ஆம்ப் என்று பேர். அதைப் பழுது பார்ப்பது அவளுக்குப் பன்னிரண்டு வருஷப் பிழைப்பு. பிளாஸ்டிக்கை உருவினாள். பெட்டியின் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர்... எழுத்தா, மரத்தின் வேரா என்று பிரித்துச் சொல்ல முடியாத கிறுக்கல். மற்றவர்களுக்குத்தான் அது கிறுக்கல். அலறலும் வேகமுமாக மெட்டல் இசை வாசிக்கிற ஒரு பேண்டின் பெயர் அது; பத்தொன்பது வயதில் அவள் தன் நோட்டு அட்டையிலெல்லாம் அதை வரைந்து வைத்திருந்தாள்.

“அட, இந்த மெட்டல் பேண்டா! நீங்களும் கேப்பீங்களா?”

“ம்... கேட்டுத்தான் ஆகணும்.”

“பாவம்க நீங்க. அவங்க செத்துப் பத்து வருஷமாச்சு.”

அவன் நிமிர்ந்தான். “உயிரோடதான் இருக்காங்கன்னு கேள்வி...”

“மூச்சு விடறாங்க, அவ்வளவுதான். முதல் நாலு ஆல்பம் கேட்டிருக்கீங்களா? எங்கம்மா போனப்ப வீடு முழுக்க ஆளுங்க, ‘அழாதே, அழாதே’ன்னு. நான் ரூமைச் சாத்திக்கிட்டு மூணாவது ஆல்பத்தைப் போட்டேன். எனக்குப் பதிலா யாரோ கத்துனாங்க... அந்த கிட்டார்ல ஏதோ ஒண்ணு கிழியும் பாருங்க! அப்படி இருந்தவங்க, அஞ்சாவதுலருந்து சலவை பண்ணி இஸ்திரி போட்ட மாதிரி ஆயிட்டாங்க. வேகம் இருக்கு, சத்தம் இருக்கு. உள்ள ஆளே இல்ல. தங்களைப் பார்த்துத் தாங்களே காப்பி அடிக்கிறாங்க.”

கொட்டித் தீர்த்துவிட்டுச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

“சரி, பெட்டிக்கு என்ன கோளாறு?”

“இப்ப நீங்க சொன்னதுதான்... உள்ள ஆளே இல்ல.”

“கிண்டலா? பேரைச் சொல்லுங்க.”

“சாம்பல்னு எழுதிக்கோங்க.”

பேனா நின்றது.

அந்த பேண்டில் நாலு பேரும் மேடையில் முகம் முழுக்க வெள்ளையும் கறுப்பும் அப்பிக்கொள்வார்கள். தெரிவது கண் மட்டும்தான். கிட்டார்காரன் சாம்பலின் கண்களை இருபது வருஷமாக அட்டைப்படங்களில் பார்த்து வந்தவள் அவள். இப்போது அதே கண்கள்... பூச்சு இல்லாமல், இமையில் மழைத்தண்ணீர் சொட்ட, கை நீட்டினால் தொடும் தூரத்தில். படத்தில் எரிந்துகொண்டிருக்கும். இங்கே, தூங்கி எத்தனை நாளானதோ என்றிருந்தது.

அய்யோ... இது வாயா, வேறென்னவா! அப்படியே மேஜைக்கடியில் புகுந்துகொள்ளலாமா என்று பார்த்தாள்.

“நான்... வந்து...”

“ஞாயித்துக்கிழமை நாலு பேரும் உக்காந்து பேசப் போறோம். தொடர்றதா, இழுத்து மூடறதான்னு. அதுக்கு முன்னாடி இது ஒரே ஒரு தடவை பழைய மாதிரி பேசுதான்னு பார்க்கணும். வெள்ளிக்கிழமை வரட்டுமா?” அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. “நீங்க சொன்னது தப்பில்லைங்க. என் காதுலயும் அப்படித்தான் விழுது.”

அவள் குடையை நீட்டினாள். வாங்காமல் நனைந்துகொண்டே போனான்.

*

மறுநாள் காலை பெட்டியின் பின்பலகையைக் கழற்றினாள். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் திறந்தாலும், என்ன செய்தோம் என்று உள்ளே மார்க்கரால் எழுதித் தேதி போட வேண்டும், அடுத்துத் திறப்பவருக்காக. இதிலும் ஒரு வரி இருந்தது.

‘கிழிந்த ஸ்பீக்கர் மாற்றப்பட்டது.’ பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி. கீழே... அவளுடைய கையெழுத்து.

நாலாவது ஆல்பத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் விழுகிற தேதி அது. மெல்ல நினைவு வந்தது. ஸ்டிக்கர் எதுவும் ஒட்டாத பெட்டியை ஒரு வேன் டிரைவர் இறக்கிவிட்டுப் போனார். சுவிட்சை மட்டும் மாற்றச் சொன்னார்கள். திறந்தால், ஸ்பீக்கரில் அதிர்ந்து ஒலி எழுப்புகிற காகிதக் கூம்பு ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. தொழிலுக்குப் புதுசு, நல்லது செய்கிற நினைப்பு. யாரையும் கேட்காமல் புதுசை மாட்டி அனுப்பிவிட்டாள்.

எந்தக் கிழிசல் அவளுக்காகக் கத்தியதோ, அதைத் தன் கையாலேயே கழற்றிப் போட்டிருக்கிறாள்.

மாடியிலிருந்து சாப்பாட்டோடு அண்ணி இறங்கி வந்தாள். “என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?”

“அண்ணி... ஒரு கொலை பண்ணிட்டேன்.”

“சாப்பிட்டுட்டுப் போலீசுக்குப் போலாம். செத்தது யாரு?”

சொன்னாள். அண்ணி கேட்டுவிட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள். “வாயைத் திறக்காதே. அந்த மனுஷன் ஏற்கெனவே நொந்து போயிருக்கான். துடைச்சு அனுப்பு, உன் பேரும் கெடாது.” பிறகு ஓரக்கண்ணால் பார்த்தாள். “அது சரி... ஸ்பீக்கருக்காக அழற மூஞ்சியா இது? உன் கல்யாணம் நின்னப்பகூட ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்ட ஆளாச்சே நீ!”

“அண்ணி!”

“நான் ஒண்ணும் கேக்கலப்பா.”

எதையும் தூக்கிப் போடாதது அவளுடைய கெட்ட பழக்கம். அன்று மத்தியானம் பரணில் ஏறி, தும்மித் தும்மித் தேடினாள். கடைசி மூலையில் அந்தப் பழைய ஸ்பீக்கர் இருந்தது. பின்னால் அதே தேதி. அதே கிழிசல்.

*

வெள்ளிக்கிழமையும் மழை. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். அண்ணி சொன்னபடி வாயை மூடிக்கொள்ளலாம்... அவளுக்கு ரோஷம் அதிகம். பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரிடமும் ‘தப்பு என்னுது’ என்று சொன்னதில்லை. ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு எப்படி?

பெட்டியைத் திருப்பி அந்த வரியைக் காட்டினாள்.

“இது என் கையெழுத்து. உங்க பேண்டைக் கொன்னது நான்தான். நல்லது பண்றதா நினைச்சு, கேக்காம மாத்திட்டேன். பழசையே திரும்ப மாட்டியிருக்கேன்... திட்டறதுன்னா திட்டிடுங்க.”

அவன் திட்டவில்லை. குனிந்து கிழிசலை ஒரு விரலால் தடவினான்.

“இது எப்படிக் கிழிஞ்சுது தெரியுமா? எங்கப்பா எட்டி உதைச்சாரு. ‘இதெல்லாம் ஒரு பாட்டா’ன்னு. மறுநாள் வாசிச்சா சத்தத்துல அந்த உதை கேக்குது... அப்படியே விட்டுட்டேன்.”

வாசித்தான். மூன்றாவது ஆல்பத்தின் முதல் பாட்டு. மேஜை மேல் ஸ்க்ரூ டப்பா துள்ளியது. அவளுக்குக் கை மயிரெல்லாம் எழுந்து நின்றது.

“இதான்... இதேதான்!”

அவன் முதல் தடவையாகச் சிரித்தான். சிரிக்கும்போது அந்தக் கண்கள்... சரி, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

“இருங்க, புதுசா பண்ணினதை வாசிக்கிறேன்.”

விரல்கள் பறந்தன. அதே வேகம், அதே கிழிசல். ஆனால்... அரை நிமிஷத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அவனே நிறுத்தினான்.

“சொல்லுங்க. அன்னிக்கு மாதிரியே.”

“...உள்ள ஆள் இல்லைங்க.”

“ம்.” கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டான். “ஸ்பீக்கர் மேல பழியைப் போட்டுடலாம்னு இப்ப கொஞ்ச நேரம் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? நீங்க தேதி போட்டிருக்கீங்களே... அந்த வாரம்தான் அப்பா போனாரு. காரியமெல்லாம் முடிச்சுத் திரும்பி வந்து வாசிச்சா சத்தம் மாறியிருந்துச்சு. நான்தான் மாறிட்டேன்னு நினைச்சேன், யார்கிட்டயும் சொல்லல. அதுக்கப்புறம் எனக்குக் கோபமே வரல. வருத்தம்தான் வருது. வருத்தத்தை வேகமா வாசிச்சா கோபமாயிடுமான்னு பதினோரு வருஷமா முயற்சி பண்றேன்.”

அவள் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் வைத்தாள்.

“அப்ப மெதுவா வாசிங்களேன்,” என்றாள்.

“இந்த பேண்ட்லயா? ரசிகருங்க அடிக்க வருவாங்க.”

“இங்க ஒரு ரசிகைதான் இருக்கேன். பாருங்க, ஸ்க்ரூ டிரைவரைக்கூடக் கீழ வச்சுட்டேன்.”

ஒரே ஒரு தந்தியைத் தட்டினான். அந்த ஒலி கிழிசலில் பட்டு, நடுங்கி, தானாக அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு அடுத்தது. எங்கே போகிறோம் என்று அவனுக்கே தெரியாமல், இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறவனைப் போல வாசித்தான். உள்ளே ஆள் இருந்தது. வயதான, களைத்துப் போன ஒரு ஆள். அவளுக்கு அம்மாவின் முகம் வந்தது. கண்ணீரைத் துடைக்கத் தோன்றவில்லை.

போகும்போது வாசலில் நின்றான். “ஞாயித்துக்கிழமை... இதை வாசிச்சுக் காட்டவா?”

“காட்டுங்க.”

இன்னும் ஏதோ ஒன்று இருவருக்கும் வாய் வரை வந்தது. இருவரும் விழுங்கிக்கொண்டார்கள்.

*

ஞாயிறு போயிற்று. திங்கள், செவ்வாய்... ஒரு தகவலும் இல்லை. புதன்கிழமை பேண்டின் இணையப் பக்கத்தில் இரண்டே வரி: ‘பாடகர் விலகுகிறார். வேறெதுவும் இப்போது சொல்வதற்கில்லை.’

முதல் தடவை கேட்காமல் ஸ்பீக்கரை மாற்றினாள். இப்போது கேட்காமல் யோசனை சொல்லி மிச்சத்தையும் முடித்துவிட்டாளா? இனி எந்த முகத்தோடு வருவான்? பத்து நாள் வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி கிண்டலைக்கூட நிறுத்திவிட்டாள்.

பதினோராம் நாள் மத்தியானம், கொட்டுகிற மழையில் அதே சக்கர வண்டி.

“உங்க பாடகர்...” என்று ஆரம்பித்தாள்.

“போயிட்டான். இருபத்தாறு வருஷப் பழக்கம். முழுசும் கேட்டுட்டு, ‘நல்லாருக்குடா, ஆனா இதுல நான் கத்த எடமே இல்லை’ன்னான். சண்டை போட்டிருந்தாலும் தேவலைங்க.” இருமிக்கொண்டான். “டிரம்மரும் இன்னொருத்தனும் இருக்காங்க. இவ்வளவு மெதுவா அடிக்கப் பயமா இருக்குன்னான் டிரம்மர். தினம் வந்து அடிக்கிறான்.”

“அப்ப பேண்டு உயிரோட இருக்கா?”

“தெரியல. ஆனா காப்பி அடிக்கல.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “பெட்டிக்கு இப்ப என்ன கோளாறு?”

“திறந்து பாருங்க,” என்றான், மழையைப் பார்த்துக்கொண்டு.

நாலு ஸ்க்ரூ. நாலாவது கை நழுவி உருண்டது. உள்ளே அவளுடைய பழைய வரி. அதன் கீழே, போன முறை அவள் எழுதியது: ‘அது தவறு. பழையதே திரும்பப் பொருத்தப்பட்டது.’ அதற்கும் கீழே சாய்ந்த எழுத்தில் புதிதாக ஒன்று, இன்றைய தேதியோடு.

‘கோளாறு எதுவும் இல்லை. இங்கே வராமல் இருக்க முடியவில்லை. சாம்பல்.’

காதெல்லாம் சூடேறியது. திரும்பிப் பார்க்காமல் மார்க்கரை எடுத்து அதன் கீழே எழுதினாள்.

அவன் குனிந்தான். கண்ணைச் சுருக்கினான். சட்டைப் பையைத் தடவினான்.

“கண்ணாடியை மறந்துட்டேங்க... நீங்களே படிச்சுச் சொல்லுங்களேன்.”

“அய்ய... மாட்டேன்.”

“அப்ப எனக்கு எப்படித் தெரியும்?”

அவள் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தாள். தகரக் கூரை அதை அப்படியே விழுங்கிவிட்டது.

“மழையில ஒண்ணும் கேக்கலைங்க.”

பத்தொன்பது வயதில் அவளுக்குப் பதிலாக யாரோ கத்தினார்கள். அதற்குப் பிறகு எதற்கும் அவள் குரல் உயர்ந்ததில்லை, வாடிக்கையாளர்களைத் திட்டுவதைத் தவிர. நிமிர்ந்தாள். அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

“பத்து நாளா வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்! எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு! போதுமா?” என்று கத்தினாள்.

மாடியில் அண்ணியின் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.