தண்ணீர் குடித்த அலமாரி

ஹில்டா தப்பு எதுவும் செய்யவில்லை. அலமாரிக் கதவுகள் இரண்டையும் துடைத்தாள். அதுவும் ஈரத்துணியால், சுத்தமாக.

ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால், கதவுகளின் ஓரமெல்லாம் உப்பியிருந்தது.

அது மர அலமாரி இல்லை. மரநாரை அரைத்து அழுத்திய பலகையில் அவள் அப்பா இக்னேஷியஸ் செய்தது. கப்பலில் சாமான் கட்டி வந்த பலகை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்து மதர் பார்க்க வருகிறார். பிடித்தால் ஏழு வகுப்புக்கும் அப்பாதான் அலமாரி செய்வார். பிடிக்காவிட்டால் அடுத்த தெரு சுப்புராயன் செய்வார். அவர் காலையிலேயே வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்:

"அட்டையில அலமாரியா? மழை பேஞ்சா கரைச்சு தோசை ஊத்திக்கலாம், இக்னேஷியஸ்!"

அப்பா கதவுகளை உப்புத்தாளால் தேய்த்துச் சுவரில் சாய்த்தார். "சாயந்தரம் பெயிண்ட் அடிக்கிறேன். யாரும் தொடாதீங்க" என்று சொல்லி ஹார்பருக்கு வேலைக்குப் போனார்.

தூசி துடைப்பது தொடுவதில் சேராது என்று ஹில்டா நினைத்தாள்.

ஹார்பரில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. ஐந்து மணிச் சங்கு ஊதினால் அப்பா வந்துவிடுவார்.

பக்கத்து வீட்டு நீலா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, பூரி மாதிரி உப்பிகினு கீது?"

"கத்தாதடி! வந்து ஒரு கை புடி."

இருவரும் கதவுகளை வெயிலில் வைத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் ஈரம் காய்ந்தது. உப்பல் போகவில்லை. ஓரமெல்லாம் பூனை வால் மாதிரி சிலிர்த்து நின்றது.

ஹில்டா உப்புத்தாளால் தேய்த்தாள். கை வலிக்க வலிக்கத் தேய்த்ததில் ஓரம் வழவழப்பானது. சந்தேகத்துக்கு ஒரு விரலை நனைத்து வைத்துப் பார்த்தாள். அந்த இடம் மறுபடி உப்பியது.

"மதர் தும்மினாகூட உப்பும்டி" என்றாள் நீலா.

ஹில்டாவுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்தபோதுதான் அதைப் பார்த்தாள். ஒரு ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. அங்கே மட்டும் உப்பவே இல்லை.

முகர்ந்து பார்த்தாள். அரக்குப் பாலிஷ்! நேற்று அப்பா நாற்காலிக்கு அடித்தபோது சிந்தியிருக்கிறது. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். சொட்டு உள்ளே இறங்காமல் முத்தாக நின்றது.

"அடிடி, சீக்கிரம்!" என்று நீலா குதித்தாள்.

"இரு. மொதல்ல ஒரு துண்டுப் பலகையில பாப்போம்."

துண்டுப் பலகையின் ஓரத்தில் பாலிஷ் அடித்தாள். காயவிட்டுத் தேய்த்து, இன்னொரு முறை அடித்தாள். தண்ணீர் விட்டாள். உப்பவில்லை. பிறகுதான் கதவுகளைத் தொட்டாள். இரண்டாவது கதவு முடிவதற்கும் சங்கு ஊதுவதற்கும் சரியாக இருந்தது.

அப்பா செருப்பைக் கழற்றும் முன்பே ஹில்டா சொல்லிவிட்டாள். "நைனா, ஈரத்துணில தொடச்சேன். உப்பிடுச்சி. தேச்சிட்டு அரக்கு அடிச்சிக்கீறேன்."

அப்பா கதவைத் தூக்கி ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். அடுத்த கதவையும் தூக்கித் தடவினார். பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை போன நேரத்தைவிட இது நீளமாக இருந்தது.

"அலமாரியோட மத்த ஓரமெல்லாம்?"

"பாலிஷ் தீந்துபோச்சு."

"அரக்கு கரைச்சுத் தரேன். நீ உப்புத்தாள் எடு."

இரவுக்குள் பச்சைப் பெயிண்ட் ஏறியது. ஞாயிறு முழுக்கக் காய்ந்தது.

திங்கட்கிழமை மதர் வந்தார். கதவைத் திறந்தார், மூடினார். "பிள்ளைகள் தண்ணீர் கொட்டுவார்களே, இக்னேஷியஸ்? ஓர் ஈரத்துணி கொடுங்கள்."

அப்பா ஹில்டாவைப் பார்த்தார். ஹில்டா நீலாவைப் பார்த்தாள். நீலா கூரைமேல் இருந்த காக்காயைப் பார்த்தாள்.

மதர் அழுத்தித் துடைத்தார். ஓரங்களையும் விடவில்லை. பிறகு உட்கார்ந்து, நிதானமாக ஒரு டீ குடித்தார். எழுந்து வந்து ஓரத்தைத் தடவினார்.

"ஏழும் இதே பச்சையில் செய்துவிடுங்கள்."

அவர் போனதும் அப்பா அந்த ஈரத்துணியை எடுத்து, ஹில்டாவுக்கு எட்டாத உயரத்தில் ஓர் ஆணியில் மாட்டினார்.