பிடித்தது வலது கை

தூத்துக்குடி வடதுறைக் காவல் நிலையத்தில் காலை வேலை கிள்ளுவதில்தான் தொடங்கும். வருகைப் பதிவு முடிந்ததும் எல்லோரும் ஜோடி ஜோடியாக நின்று, பிடரியில் உணர்பட்டையை ஒட்டிக்கொண்டு, எதிரே நிற்பவரின் கையை நறுக்கென்று கிள்ள வேண்டும். கிள்ளியவருக்கு அதே இடத்தில் வலித்தால் பட்டை வேலை செய்கிறது என்று பொருள். வலிக்காதவர் வெளியே கிளம்ப முடியாது; நாள் முழுக்கக் கோப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

பயிற்சிக் கல்லூரியிலிருந்து அன்றைக்குத்தான் வந்து சேர்ந்த சப்-இன்ஸ்பெக்டர் பியூலா, ஏட்டு சுடலைமணியைக் கிள்ளிவிட்டுத் தன் கையையே உதறிக்கொண்டாள்.

“மெதுவா மேடம்” என்றார் ஏட்டு. “எனக்கும் வலிக்கு, ஒங்களுக்கும் வலிக்கு. யாருக்கு லாபம்?”

பியூலா சிரித்துவிட்டாள். புதுச் சீருடை, புது பூட்ஸ், தலைகொள்ளாத தன்னம்பிக்கை. பிடிபயிற்சியில் அவள்தான் அந்த அணியின் முதல் மாணவி. ஆளைத் தொட்டுப் பிடிக்க வேண்டும், அவனுக்கு நோகக் கூடாது. நொந்தால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். யோசிக்கக்கூட நேரமில்லாமல் கை தானாக விலகும்வரை கல்லூரியில் பழக்கியிருந்தார்கள். பழைய காலத்தில் காவல் நிலையத்துக்குள் நடந்து போனவர்கள் எல்லோரும் நடந்து வெளியே வந்துவிடவில்லை. அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. லத்தி இப்போது அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

பத்து மணி வாக்கில் தகவல் வந்தது. உப்பளத்துப் பக்கம் பொதுக் குடிநீர் நிலையத்தில் எவனோ வடிதகட்டைக் கழற்றுகிறான். கடல்நீரைக் குடிநீராக்கும் அந்தத் தகடு போனால் தெரு முழுக்கத் தண்ணீர் இல்லை. பியூலாவும் சுடலைமணியும் போய் இறங்கியபோது ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் தகட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். பெயர் லிங்கதுரை, ஏட்டுக்குப் பழைய அறிமுகம்.

பியூலா பாய்ந்து அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த மாத்திரத்தில் அவள் தோளிலிருந்து தாடைவரை பாறாங்கல்லை ஏற்றிவைத்த பாரம். கை தானாக விட்டது. லிங்கதுரை தகட்டைப் போட்டுவிட்டு, சூரியத் தகடுகள் வரிசைகட்டி நின்ற உப்பளத்துக்குள் ஓடினார். தட்டான்கள், அதாவது காவல் ட்ரோன்கள், அவர் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு துரத்தின.

“மொத நாளு எல்லாரும் விட்டுருவாங்க மேடம், விடுங்க. தட்டான் அவன ஓட்டிக் களைக்க வச்சிரும்” என்று தேற்றினார் ஏட்டு.

பியூலா அவமானத்தில் நின்றாள். இவ்வளவுதானா நம் முதல் மாணவிப் பட்டம்? அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கல்லூரியில் பிடித்த இடத்தில்தான் எப்போதும் வலிக்கும். பிடித்ததும் பிடிபட்டதும் நோய்நொடி தெரியாத இளவட்டங்கள்.

“ஏட்டய்யா, நான் பிடிச்சது அவரு வலது கை. எனக்கு வலிச்சது இடது தோளு. தாடை வரைக்கும் வந்துச்சு.”

சுடலைமணியின் முகம் மாறியது. “அப்ப நீங்க குடுத்த வலி இல்ல அது. அவனுக்குள்ள ஏற்கெனவே இருந்த வலி.”

“நெஞ்சுவலி. ஓடுனா செத்துப்போவாரு.”

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, தட்டான்களின் ஒலிபெருக்கி வழியாகப் பேசினாள். “அண்ணாச்சி, ஓடாதீங்க. ஒங்க நெஞ்சு சரியில்ல. அப்படியே உக்காருங்க.”

“இது புது டெக்னிக்காம்மா?” என்று வரப்பிலிருந்து பதில் வந்தது. மூச்சு வாங்கியது, ஆனாலும் ஓட்டம் நிற்கவில்லை. போலீஸ் சொல்லை நம்பி உட்கார்ந்த திருடன் எந்த ஊரில் இருக்கிறான்? துரத்தினால் ஓடுவார். துரத்துவதை நிறுத்திவிட்டோம் என்று வாயால் சொன்னாலும் ஓடுவார்.

ஒரே வழிதான் இருந்தது. விடுவிப்பு. பிடிக்கப் போன அதிகாரி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்தது; தட்டான்களும் அப்போதுதான் துரத்துவதை விட்டுத் திரும்பும். அந்தக் குற்றத்துக்காக அவரை மறுபடி யாரும் தொட முடியாது. தகுதிகாண் பருவத்தில் இருப்பவர் சொன்னால் மட்டும் இன்னொன்றும் நடக்கும்: பதவி பறிபோய், பயிற்சியை முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

“மேடம், யோசிச்சுக்கோங்க” என்றார் ஏட்டு.

பியூலா தன் தோளிலிருந்த புது நட்சத்திரங்களைத் தொட்டுப் பார்த்தாள். ஆனால் இடது தோளின் பாரம் இன்னும் நினைவில் இருந்தது. “லிங்கதுரையை விடுவிக்கிறேன்” என்று உரக்கச் சொன்னாள்.

தட்டான்கள் ஒன்றுபோலத் திரும்பி நிலையத்தைப் பார்த்துப் பறந்தன. லிங்கதுரை நின்று அவற்றையே அண்ணாந்து பார்த்தார். பிறகு இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு, உப்பு வரப்பில் மெல்ல உட்கார்ந்தார்.

ஆம்புலன்ஸில் அவரால் பேச முடியவில்லை. “வலி எங்கருக்கு? கூடுதா, கொறையுதா?” என்று மருத்துவர் கேட்டார். லிங்கதுரையின் கையைப் பிடித்தபடி பியூலா பதில் சொன்னாள். “நடு நெஞ்சுல. கூடுது. முதுகுக்குப் போகுது டாக்டர்.” அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. கையை எடுத்துக்கொள்ளச் சொன்னார் மருத்துவர். அவள் எடுக்கவில்லை.

இடையில் இன்ஸ்பெக்டர் அழைத்தார். “என்ன காரியம்மா பண்ணீட்ட? மறுபடி கல்லூரிக்குப் போணும், தெரியும்லா?”

“தெரியும் சார். போறேன். அங்க ஒரு பாடம் கொறையுது, அதையும் சொல்லிட்டு வாறேன்.”

மருந்து ஏறியது. பாரம் இளகியது, தோளை விட்டு இறங்கியது, பிறகு ஒரேயடியாக நின்றுபோனது. பியூலா திடுக்கிட்டாள். வலி தீர்ந்தாலும் பட்டை அமைதியாகிவிடும், ஆள் போனாலும் அமைதியாகிவிடும். எது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. மருத்துவர் திரையைப் பார்த்துக் குனிந்திருந்தார். அவள் லிங்கதுரையின் முகத்தைப் பார்த்தாள்; கண்கள் மூடியிருந்தன.

அப்போது விரல்கள் வலித்தன. முதலில் அவருடைய வலி என்றுதான் நினைத்தாள். பிடரியில் கைவைத்துப் பட்டையைப் பிய்த்து எடுத்த பிறகும் அது நிற்கவில்லை. குனிந்து பார்த்தாள். லிங்கதுரை கண் திறக்காமல், அவள் கையை எலும்பு நோக இறுக்கிப் பிடித்திருந்தார்.